வெளியேறுதலா, வெளியேற்றமா?

(பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அறிந்த கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில், கட்சியின் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள தோழர் ஒருவர் கல்லூரிப் பாடப் பதிவு குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் பேராசிரியர் அல்லேன். கணினி வல்லுநரும் அல்லேன். ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் பணி. அப்பணியின்போது ஒரு சொல்லில் தடுக்கி நின்றேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பை வெளியிட்டது. அதைப் பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கம் செய்தபோது 'எக்சிட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஓராண்டு படித்து நிறுத்தினால் சான்றிதழ். ஈராண்டில் நிறுத்தினால் பட்டயம். மூன்றாண்டு முடித்தால் பட்டம். நான்காண்டு முடித்தால் ஹானர்ஸ் பட்டம். இடையிலுள்ள ஒவ்வொரு படியிலும் ஓர் 'எக்சிட்' உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல், செய்பவர் யார் என்று சொல்லாமலே நின்றுவிடுகிறது. தமிழில் அது இயலாது. வெளியேறுதல் என்றால் தன்வினை. மாணவர் தாமே போகிறார். வெளியேற்றுதல் என்றால் பிறவினை. யாரோ அவரை அனுப்புகிறார்கள். இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அன்று 'வெளியேறும் வாய்ப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது சரியான மொழிபெயர்ப்புதானா என்ற ஐயம் பின்னர்தான் எழுந்தது.

நான்கு கிரெடிட்

வடமாநில நகரம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தமிழ்த் தோழர் ஒருவரின் மகள், அவ்வூர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு படித்தார். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவர். மூன்றாம் பருவத்தில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுப்பதற்கான இணையப் படிவம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தது. முதலில் வருவோர்க்கு முதலிடம் என்பது விதி. வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் தந்தையோடு பணியிடத்தில் இருந்தது. மாலையில் தந்தை வீடு திரும்பிய பிறகு படிவத்தைத் திறந்தார். விரும்பிய பாடங்கள் நிரம்பிவிட்டிருந்தன. எஞ்சியிருந்த ஒன்றை அழுத்தினார். அந்த வகுப்பும் அவருடைய முதன்மைப் பாட வகுப்பும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதைப் படிவம் அவருக்குச் சொல்லவில்லை.

ஆசிரியர் ஒருவர் நிலைமையைக் கேட்டுத் தம் விருப்பப் பாட வகுப்பில் வந்து அமரச் சொன்னார். பாடத்தை மாற்றித் தருமாறு மாணவி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். வகுப்புக்குத் தவறாமல் போனார். உள்மதிப்பீட்டுத் தேர்வும் எழுதினார். பருவத் தேர்வுக்கான நுழைவுச்சீட்டு வந்தபோது அதில் பழைய பாடத்தின் பெயரே இருந்தது. அலுவலகத்தில் கேட்டார். கிடைத்த விடை: "சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை."

படிக்காத பாடத்துக்குத் தேர்வு எழுத இயலவில்லை. நான்கு கிரெடிட் குறைந்தது. ஆனால் அந்தக் குறை எந்தத் திரையிலும் அவர் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு பருவத்தின் முடிவும் தனித்தனிப் பக்கமாக வந்தது. மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, பட்டத்துக்கு இன்னும் எவ்வளவு தேவை என்று கூட்டிக் காட்டும் பக்கமே இல்லை. ஆறாம் பருவம் முடிந்து பட்டம் நிறுத்திவைக்கப்பட்டபோதுதான் தெரிந்தது: தேவை 120 கிரெடிட், அவரிடம் இருப்பவை 116. விடுபட்ட தாளுக்கான தேர்வு மீண்டும் குளிர்காலத்தில்தான் வரும். முதுநிலைச் சேர்க்கை கைநழுவியது. ஈராண்டுப் பட்டயத்துக்கு இவ்வளவு கிரெடிட் தேவையில்லை. ஆகவே பட்டயம் பெற்று 'எக்சிட்' ஆகலாம் என்ற வழி மட்டும் திறந்திருந்தது.

"போகிறேன் என்று நான் சொல்லவே இல்லையே, அத்தை" என்றார் அந்தப் பெண்.

அவர் போகவில்லை. ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்து, தாளை எழுதித் தேர்ச்சி பெற்றார். ஆனால் ஓராண்டு போயிற்று. அவருக்குத் தாங்கிக்கொள்ளும் வீடு இருந்தது. அது இல்லாதவர் பட்டயத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். தாமே வெளியேறியவர் என்று கணக்கில் ஏறியிருப்பார்.

'சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை' என்ற தொடரைக் கவனியுங்கள். அதன் எழுவாய் இயந்திரம். படிவம் எப்போது மூடப்பட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தார். கால அட்டவணையைப் படிவத்தோடு இணைக்க வேண்டியதில்லை என்று ஒருவர் முடிவு செய்தார். மாணவியின் விண்ணப்பம் ஒருவருடைய மேசையில் கிடந்தது. இவர்கள் அனைவரும் அந்த ஓர் எழுவாயின் பின்னே மறைந்துகொண்டார்கள்.

இயந்திரம் நம் எதிரி அன்று

இதைக் கேட்டதும், பழையபடி பேரேடும் வரிசையுமே போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் எனக்கு உடன்பாடில்லை. பேரேட்டுக் காலத்தில் சாளரத்துக்கு அப்பால் இருந்தவரின் முகக்குறிப்பைப் பார்த்து நின்றவர்கள் நாம். சிபாரிசும் சாதியும் கைக்கூலியும் அந்தச் சாளரத்தின் வழியாகவே புகுந்தன. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்கள் இருந்தன. உயர்கல்வி பயின்றோர் 4.33 கோடிப் பேர். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் கணினி வேண்டாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கணினிக்கு எந்த விதி கற்பிக்கப்பட்டிருக்கிறது, அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பவற்றையே நாம் கேட்க வேண்டும்.

முதலில் இடப் பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் வருவோர்க்கு முதலிடம் என்பது நேர்மையான விதிபோலத் தோன்றும். ரேஷன் கடை வரிசையில் அது ஓரளவு நேர்மையானதுதான். கால்கடுக்க நிற்கும் ஆற்றல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. இணையத்தில் அப்படியன்று. மடிக்கணினியும் தடைபடாத இணைப்பும் உடையவர் பத்து மணி ஐந்து நொடிக்கு உள்ளே நுழைந்துவிடுகிறார். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றின்படி, 2017–18இல் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு. இணைய வசதி கிராமப்புறத்தில் 14.9 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு. அதன்பின் கைபேசி பரவியிருக்கிறது. ஆனாலும் ஒரு கைபேசியை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இன்றும் உண்டு.

இதற்கு மாற்று உண்டு. அது புதியதும் அன்று. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கை குறித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் எளியது. மாணவர்கள் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தித் தரட்டும். அனைவருடைய பட்டியலும் வந்து சேர்ந்த பிறகு ஒருசேரப் பங்கிடுங்கள். ஒருவருக்குத் தற்காலிகமாகக் கொடுத்த இடத்தை, முன்னுரிமையில் மேலான இன்னொருவர் வரும்போது மறுபரிசீலனை செய்யுங்கள். இப்படிச் செய்தால், உண்மையான விருப்பத்தை மறைக்காமல் எழுதுவதால் எந்த மாணவருக்கும் இழப்பு நேராது. படிவத்தை முதல் நாள் நிரப்பினாலும் ஏழாம் நாள் நிரப்பினாலும் ஒன்றே. ஷேப்லிக்கு 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விருப்ப வரிசையைப் பெற்று ஒருசேரப் பங்கிடும் முறை நம் நாட்டுக்கும் பழக்கமானதே. ஐஐடி, என்ஐடி ஆகியவற்றின் இடங்கள் 2015 முதல் கூட்டு ஒதுக்கீட்டின் வழியாகச் சுற்றுச் சுற்றாகப் பங்கிடப்படுகின்றன. டெல்லிப் பல்கலைக்கழகமும் 2022 முதல் இளநிலைச் சேர்க்கைக்குப் பொது இட ஒதுக்கீட்டு முறையைக் கையாள்கிறது. நுழைவாயிலில் செய்ய முடிந்ததை உள்ளே விருப்பப் பாடத்துக்கும் செய்ய முடியும். ஒரு வாரம் படிவம் திறந்திருக்கட்டும். பட்டம் முடிக்க இந்தப் பருவத்திலேயே அப்பாடம் தேவைப்படுவோர்க்கு முன்னுரிமை இருக்கட்டும். சமநிலையில் இருப்பவர்களுக்கிடையே வெளிப்படையாகக் குலுக்கல் நடக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய வரியோ வேண்டியதில்லை.

எஞ்சியதைக் காட்டும் கணக்கு

இரண்டாவது, பட்டத் திட்டமிடல். மானியக் குழுவின் கட்டமைப்புப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டும் ஒரே குவியல் அல்ல. முதன்மைப் பாடம் 60, துணைப் பாடம் 24, பல்துறைப் பாடம் 9, மொழித்திறன் முதலியவை 8, திறன் மேம்பாடு 9, பொது மதிப்புக்கூட்டுப் பாடம் 6 முதல் 8, உள்ளகப் பயிற்சி 2 முதல் 4 என்று ஏழு பெட்டிகள். ஒரு பெட்டியின் மிகுதி இன்னொன்றின் குறையை நிரப்பாது. பதினெட்டு வயதில், வழிகாட்ட வீட்டில் ஒருவரும் இல்லாமல், ஆறு பருவங்களுக்கு இந்தக் கணக்கை மனத்தில் சுமந்து நடக்க வேண்டும் என்கிறோம். மூத்த அண்ணனோ அக்காளோ பட்டதாரியாக இருக்கும் வீட்டில் இந்த அறிவு உணவு மேசையில் கிடைத்துவிடும். முதல் தலைமுறை மாணவருக்குக் கல்லூரிதான் அதைக் கொடுக்க வேண்டும். கூட்டல் கழித்தலில் சலிப்படையாத கணினி இதற்கு மிகவும் ஏற்றது.

2021இல் கிரெடிட் வங்கி தொடங்கப்பட்டது. படித்த பாடத்தின் கிரெடிட் அதில் சேமிக்கப்படும். அதிகபட்சம் ஏழாண்டு செல்லுபடியாகும். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லலாம் என்கிறார்கள். இடம்பெயரும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதனால் பயன் விளையக்கூடும் என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு இருப்பைத்தான் காட்டும். எந்தப் பெட்டியில் எவ்வளவு குறைகிறது, அதை நிரப்பும் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கிறது, அதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும் என்று சொல்வது பல்கலைக்கழகத்தின் கடமை. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில், ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் காட்டினால், நான் சொன்ன மாணவி மூன்றாம் பருவம் முடிந்த உடனேயே விழித்துக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டுக் குளிர்காலத் தேர்வில் அத்தாளை எழுதி, தோழியரோடு சேர்ந்து பட்டம் பெற்றிருப்பார்.

இதைத் தனியாரிடம் விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் உண்மையன்று. ஒன்றிய அரசின் தேசியக் கல்வித் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின்கீழ் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சமர்த்' என்னும் மென்பொருள் தளம் பல பல்கலைக்கழகங்களின் நிர்வாகத்தில் பயன்படுகிறது. பொதுப் பணத்தில், பொது நிறுவனத்தில் இத்தகைய மென்பொருளை உருவாக்கும் திறன் நம்மிடம் இருக்கிறது. அது மாணவருக்கு எதைக் காட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் மாணவரும் ஆசிரியரும் இல்லை என்பதே குறை.

பட்டியலில் நாற்பது, வகுப்பறையில் ஆறு

இனி, தொழில்நுட்பத்தால் மட்டும் தீராத பகுதிக்கு வருகிறேன். விருப்பப் பாடங்கள் நாற்பது என்று திரையில் காட்டலாம். ஆறு பாடங்களுக்குத்தான் ஆசிரியர் இருக்கிறார் என்றால், மாணவரின் உரிமை அந்த ஆறோடு முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதாக ஒன்றிய அரசே 2022இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் இல்லாத பாடத்தை எத்தகைய படிமுறையாலும் பங்கிட முடியாது.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் எளிய வழியாக இணையப் பாடம் முன்வைக்கப்படுகிறது. மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' தளத்தின் வழியே படிக்கலாம். நல்ல பேராசிரியரின் விரிவுரை தொலைவிலுள்ள மாணவரை எட்டுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் திட்டமிடும் மென்பொருள், ஆசிரியர் இல்லாத இடத்தில் ஓசையின்றி இணையப் பாடத்தை இட்டு நிரப்பிவிட்டால், பணியிடம் காலியாக இருப்பதே எவர் கண்ணிலும் படாது. குறையை மறைக்கும் கருவியாக அது மாறிவிடும்.

வெளியேறும் வழிகளுக்கும் இது பொருந்தும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2013இல் நான்காண்டுப் பட்டப் படிப்பு புகுத்தப்பட்டபோதே இடையில் விலகும் வழிகள் இருந்தன. ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர். 2014 ஜூனில் அது திரும்பப் பெறப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வழியாக அதே வடிவம் நாடு முழுமைக்குமாக மீண்டும் வந்திருக்கிறது. விலகியவர் மூன்றாண்டுக்குள் திரும்பலாம், ஏழாண்டுக்குள் முடிக்கலாம் என்று விதி சொல்கிறது. முதலாண்டு முடிவில் விலகி உணவு விநியோக வேலைக்குப் போன இளைஞர், திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண், இவர்கள் திரும்பி வருவதற்குரிய உதவித்தொகையும் விடுதியும் அந்த விதியில் எழுதப்படவில்லை. முன்பு இடைநிற்றல் என்று பதிவானது இனிச் சான்றிதழ் பெற்றோர் எண்ணிக்கையாகப் பதிவாகும்.

இது தவிர்க்க இயலாத தொழில்நுட்ப நியதி அன்று. கேரளத்தில் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கப்பட்டபோது, முதல், இரண்டாம் ஆண்டு இறுதியில் விலகும் வழி சேர்க்கப்படவில்லை. மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஹானர்ஸ் என்று வகுத்தார்கள். எந்தப் பொத்தானைத் திரையில் வைப்பது என்பது அரசியல் முடிவு. மென்பொருள் அதற்குக் கட்டுப்படும்.

நாம் கோர வேண்டியவை

ஆகவே கல்லூரிதோறும், பல்கலைக்கழகந்தோறும் நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது: பாடப் பதிவு தொடங்குமுன், ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர், வகுப்பு நேரம், இடங்களின் எண்ணிக்கை ஆகியவை வெளியிடப்பட வேண்டும். நேரம் மோதும் பாடத்தைப் படிவம் ஏற்கவே கூடாது. மோதுகிறது என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது: முந்துவோர்க்கு இடம் என்ற முறை கைவிடப்பட்டு, விருப்ப வரிசையின் அடிப்படையில் இடம் பங்கிடப்பட வேண்டும். பங்கீட்டு விதி அச்சில் வர வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் எஞ்சிய கிரெடிட்டைப் பெட்டிவாரியாகக் காட்டும் கணக்கு தரப்பட வேண்டும். குறை ஏற்பட்டால் மாணவருக்கும் வழிகாட்டும் ஆசிரியருக்கும் உடனே எச்சரிக்கை போக வேண்டும்.

நான்காவது: மறுக்கப்பட்ட விண்ணப்பத்துக்குக் காரணமும், முடிவெடுத்த அலுவலரின் பதவியும், மேல்முறையீட்டுக்கான நாளும் எழுத்தில் தரப்பட வேண்டும். 'சிஸ்டம்' என்பது விடையாகாது.

ஐந்தாவது: இடம் கிடைக்காதோர் எண்ணிக்கை பாடவாரியாக ஒவ்வொரு பருவமும் வெளியிடப்பட்டு, கல்விக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். இதைச் சிறிய கோரிக்கை என்று எண்ணாதீர்கள். அறுபது இடமுள்ள பாடத்துக்கு இருநூறு பேர் விண்ணப்பித்தார்கள் என்ற பதிவு, புதிய ஆசிரியர் பணியிடம் கோருவதற்கான ஆவணம். பேரேட்டுக் காலத்தில் நமக்குக் கிடைக்காத சான்று அது. இன்று அது கணினியில் இருக்கிறது, வெளியே வருவதில்லை.

ஆறாவது: இணையத்தோடு மனிதர் அமர்ந்த உதவி மேசையும் இருக்க வேண்டும். படிவம் மாநில மொழியிலும் மாணவர் அறிந்த மொழியிலும் அமைய வேண்டும். பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் கொண்டு தாமே நிரப்பும்படி அது அமைய வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

ஏழாவது: தேவைக்கு மேல் விவரம் சேகரிக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு, சிபிஎஸ்இ போன்றவை ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 'அபார்' எண்ணின் பெயரால் அது பின்வாசல் வழியே நுழைய இடம் தரலாகாது.

அடுத்த பதிவுக் காலத்துக்கு முன்

கோரிக்கைகளை எழுதி வைப்பதோடு நம் வேலை முடியாது. பருவத் தொடக்கத்தில் இரண்டு வாரம் நம் தோழர்கள் கல்லூரி வாயிலில் ஒரு மேசை போட்டு உட்காரலாம். இணைப்புள்ள இரண்டு கைபேசிகள், அச்சிட்ட கிரெடிட் பட்டியல், ஒரு குறிப்பேடு போதும். முதல் தலைமுறை மாணவரோடு அமர்ந்து, அவர் படிவத்தை அவரே நிரப்பத் துணை நில்லுங்கள். நீங்கள் நிரப்பித் தராதீர்கள். அவர் இதுவரை பெற்ற கிரெடிட்டைப் பெட்டிவாரியாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுக்கப்பட்ட ஒவ்வொன்றையும் பாடப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்; மாணவரின் பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் அந்தக் குறிப்பேட்டை ஆசிரியர் சங்கத்தோடும் மாணவர் அமைப்போடும் சேர்ந்து முதல்வரிடம் கொண்டுபோங்கள்.

தொடக்கத்தில் சொன்ன சொல்லுக்குத் திரும்புகிறேன். என் மேசையில் அந்தக் குறிப்பின் திருத்திய படி இருக்கிறது. 'வெளியேறும் வாய்ப்பு' என்ற தொடரை அடித்துவிட்டேன். மாணவர் காரணம் அறிந்து, எஞ்சிய கணக்கைக் கண்ணால் கண்டு, திரும்பி வரும் வழியும் உறுதியான பிறகு கையெழுத்திட்டுப் போனால் அது வெளியேறுதல். அப்படி இல்லாத எதுவும் வெளியேற்றம். இந்த இலக்கணத்தை நம் அறிக்கைகளில் கைக்கொள்வோம். கல்லூரி நிர்வாகங்களிடமும் இதே இலக்கணப்படி கணக்குக் கேட்போம்.